வெயில் பார்க்காத இடம்

பிளாஸ்டிக்குக்கு ஏது சாவு,
மண்ணில் புதைத்தாலும் ஐந்நூறு வருஷம் கிடக்கும்
என்றார் பெலிக்ஸ்,
முதல் பத்து கயாக் லாரியில் வந்து இறங்கிய அன்று.
கிடக்கும்.
மிதக்குமா என்பது வேறு கேள்வி.

அரியாங்குப்பம் ஆற்றில்
சுரபுன்னைக்கு இந்தப் பக்கம்
ஆறு வருஷமாக அதுதான் என் வேலை.
கடைசி ஆள் இறங்கியதும்
குழாய்த் தண்ணீரில் உப்பைக் கழுவுவேன்.
இடுக்கில் சிக்கிய மணலைப்
பழைய டூத் பிரஷ்ஷால் நோண்டுவேன்.
பின்பக்க மூடியைத் திருகி
உள்ளே தேங்கிய ஆற்றை
ஆற்றிடமே கொடுத்துவிடுவேன்.

பிறகு ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.
நிமிர்த்திப் போட்டால் வயிறு தட்டையாகிவிடும்.
பிள்ளைத்தாச்சிக்குச் சொல்வதுபோல
இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டு
மூன்று நாள் சிரித்தான் கலியவரதன்.
வெயில் தாங்கும் ஸ்பிரே விலை கட்டாது என்று
தேங்காயெண்ணெய் பூசியவனும் அவன்தான்.
இரண்டு நாள் கல்யாணப்பெண் மினுக்கு.
மூன்றாம் நாள் எறும்பு.

அக்னி நட்சத்திரத்தில்
கடலூருக்கு ஒரு போட்டிக்காக
டாடா ஏஸ் மேல் இறுக்கிக் கட்டிப்போய்
இரண்டாம் எண்ணுக்கு இடுப்பில் பள்ளம்.
கயிற்றை ஒரு விரல் தளர்த்தியிருக்கலாம்.
தேவனாம்பட்டினம் மணலில் கவிழ்த்துப் போட்டுவிட்டு
தர்பூசணி தின்றுகொண்டிருந்தோம்.
இரண்டரை மணிக்கு,
யாரும் தொடாமல்,
தொப் என்றது.
போய்ப் பார்த்தால் பள்ளம் இல்லை.
வெயில் எடுத்ததை வெயிலே வைத்துவிட்டுப் போயிருந்தது.

எப்போதும் அப்படி வைப்பதில்லை.

நான்காம் எண் சிவப்பு.
வரிசையில் கடைசி,
தார்ப்பாய் கிழிந்த ஓரம்.
தைக்க வேண்டும் தைக்க வேண்டும் என்று
மூன்று கோடை போய்விட்டது எனக்கு.
சிவப்பு ரோஸாகி
ரோஸ் ஈறு நிறமாகி
தடவினால் உள்ளங்கையில் வெள்ளை மாவு.
விரல் மடக்கித் தட்டினால் மற்றதெல்லாம் தும்.
அது மட்டும் டக்.
ஒரு காலை, மிதி படும் இடத்தில்
தலைமுடி அளவு கோடு.
பெங்களூர்க்காரர் ஒருவர்
பின்பக்கம் நனைந்து திரும்பிவந்து
பாதிக் காசுதான் தருவேன் என்றார்.

மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாகும்,
யாருக்காவது கொடு என்றார் பெலிக்ஸ்.
போல்ட்டாவது மிஞ்சட்டும் என்று
இருக்கையைக் கழற்றினேன்.
அடியில்
லாரியில் வந்த அன்றைய சிவப்பு.
மிளகாய்ப் பழம்.
நகத்தால் கீறினேன், மாவு இல்லை.
அப்போது என் வாட்ச்சைத் தள்ளி
மணிக்கட்டைப் பார்க்கவில்லை என்றால்
அது பொய்.

அந்தச் சிவப்பை மட்டும் அறுத்தேன்.
சுண்டுவிரல் அகலத்தில் பதினோரு துண்டு.
பாலத் தூண் சிப்பி கிழித்த காயத்தோடு
ஏழாம் எண் ஒரு மாதமாகக் காத்திருந்தது.
எம்சீல் பிடிக்காது, எந்தப் பசையும் பிடிக்காது.
இனத்தை இனம்தான் ஒட்டும், அதுவும் உருகினால்.
சூட்டுத் துப்பாக்கியைக் கிட்டே காட்டி
பளபளப்பு வந்த பின்பு,
புகை வருவதற்கு முன்பு,
அந்த நடுவில் அழுத்த வேண்டும்.
முதல் இரண்டு துண்டு புகைந்தது.
மூன்றாவது, மெழுகுவத்தி அணைந்த வாசனையோடு
உட்கார்ந்தது.

மஞ்சள் வயிற்றில் சிவப்புத் தையல்.
நேர்த்தி இல்லை. கசியவில்லை.

நேற்று ஒரு பொடியன் கேட்டான்:
அக்கா, இதுக்கு ஆபரேஷனா?
ஆமாம்டா.
இப்ப வலிக்குமா?
ஜாக்கெட்டை மாட்டு, பெல்ட்டைப் போடு,
பாலத்துப் பக்கம் மட்டும் போகாதே என்றேன்.

சாயங்காலம் தார்ப்பாயைத் தைத்தேன்.
கால் மணி நேரம் ஆனது.
ஊசி நூல் சேர்த்து
இருபத்திரண்டு ரூபாய்.